நானாவுக்கு வீடு பார்த்தது

2024 ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கிழமை லண்டனிலிருந்து நானா அழைத்தார். உம்மா கட்டிலோடு ஒதுங்கி அப்போது எட்டு மாதம்.

"தம்பி, ஜூலை நடுவுல வாரம். மதினியும் பிள்ளைகளும் வாராங்க. ஆறு கிழம நிப்பம். கண்டியில எந்த ஏரியா நல்லம்? சேர்விஸ்ட் அபார்ட்மென்ட் ஒண்டு பார்த்து வையி."

நான் உடனே பதில் சொல்லவில்லை. அம்பிட்டியவில் நான் குடியிருக்கும் இந்த வீட்டில்தான் அவரும் பிறந்தார். 2005இல் இதே வாசற்படியிலிருந்துதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் என்னிடம் எந்த ஏரியா நல்லது என்று கேட்கிறார்.

கோபம் வந்தது. ஆனால் அதோடு சேர்ந்து ஓர் ஆறுதலும் வந்ததை மறைக்க மாட்டேன். எங்கள் வீட்டில் மூன்று அறைகள். ஒன்று உம்மாவுக்கு, ஒன்று எனக்கும் மனைவிக்கும், மற்றது மகள்மார் இருவருக்கும். கழிவறை ஒன்றுதான், அதுவும் வெளியே, குந்தியிருக்கும் வகை. வரட்சி வந்தால் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரி விடுதியில் ஓர் அறையில் பத்துப்பேர் படுத்தெழும்பியவன் நான். லண்டனில் பிறந்த பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொல்லிச் சமாளிக்க முடியாது. நானா கேட்டது நியாயம்தான். உம்மாவுக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் ஏற்கனவே தன் கட்டிலை மண்டபத்துக்கு மாற்றிவிட்டு அறையை மூத்தவனுக்கு ஒதுக்கச் சொல்லியிருந்தார்.

நான் படிப்பிப்பது தலாத்துஓயாப் பாதையில் உள்ள ஒரு சின்னக் கிராமப் பாடசாலையில். அபார்ட்மென்ட் என்ற சாமானை அதுவரை நான் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. பார்த்த பிறகுதான் விளங்கியது, அது ஹோட்டலும் அல்ல, வாடகை வீடும் அல்ல. குசினியும் குளிர்சாதனப் பெட்டியும் உடுப்புக் கழுவும் இயந்திரமும் இருக்கும். கிழமைக்கு இரண்டு தரம் ஆள் வந்து கூட்டித் துடைத்து விரிப்பு மாற்றும். முற்பணம், ஒப்பந்தம், தளபாடம் வாங்குவது என்ற தொல்லை ஒன்றுமில்லை. நானா வட்ஸ்அப்பில் பட்டியலும் அனுப்பியிருந்தார்: சுடுதண்ணீர், வைஃபை, பள்ளி கிட்ட இருக்க வேண்டும், ஹலால் கடை இருக்க வேண்டும், முடிந்தால் 'வியூ'.

வியூவுக்குக் கண்டியில் பஞ்சமில்லை. ஹந்தானைக்கு ஏறினால் முழு நகரமும் காலடியில் கிடக்கும். அனிவத்தைப் பக்கமும் அப்படித்தான். ஆனால் மலையில் கட்டிய மாடிகளைப் பார்க்கும்போது எனக்குப் புவெலிகட நினைவு வந்தது. 2020 செப்டம்பரில் அங்கே ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து, தாயும் தகப்பனும் பால்மணம் மாறாத பிள்ளையும் மௌத்தானார்கள். நாங்கள் நாளாந்தம் போய்வரும் பக்கம் அது. ஆகவே போன இடமெல்லாம் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மதில் வெடித்திருக்கிறதா, மண்ணை வெட்டிய இடத்தில் தாங்குசுவர் உண்டா, மழைத்தண்ணீர் எங்கே இறங்குகிறது? சரிவு நிலத்தில் கட்டுகிறவர்கள் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி வாங்க வேண்டிய இடங்கள் இங்கே ஏராளம். அதைக் கேட்டபோது ஒரு சொந்தக்காரர், "மாஸ்டர் வாங்கவா வந்தீங்க, வாடகைக்கா?" என்று சிரித்தார். 2025 நவம்பரில் டித்வா புயல் மழை எங்கள் மாவட்டத்து மலைகளைச் சரித்துப் போட்ட பின்னால் அந்தக் கேள்விக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பள்ளியும் கடையும் என்றால் கட்டுக்கலை, மஹியாவை, கட்டுகஸ்தோட்டை. என் மச்சான் கட்டுகஸ்தோட்டையில்தான் நின்றான். "நம்மட ஆக்கள் ஈக்கிற எடம். ராவைக்கும் சாப்பாடு எடுக்கலாம். புது பில்டிங். 2018 மறந்து போச்சா?" மறக்கவில்லை. 2018 மார்ச்சில் திகனயில் பற்றிய நெருப்பு அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பக்கமும் பரவி, அவசரகாலச் சட்டம் போட்ட பிறகும் அடங்க நாளெடுத்தது. ஆனால் எரிந்தது நம்மட ஆக்கள் சேர்ந்திருந்த ஊர்களும்தானே. அதை மச்சானிடம் சொன்னேன். அவன், "அதுக்குத்தான் தனிய ஈக்க வாணாம் எண்டு செல்றன்" என்றான். இரண்டு பேரும் ஒரே சம்பவத்தை எடுத்து எதிர்ப்பக்கம் பேசினோம். யார் சரி என்று இன்றைக்கும் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இதற்கிடையில் ஓர் இடம் எல்லா விதத்திலும் பொருந்தி வந்தது. தொலைபேசியில் சிங்களத்தில் பேசினேன். சொந்தக்காரர் நல்ல மனுசன், விலையைக்கூட இரண்டாயிரம் குறைத்தார். கடைசியில் பெயர் கேட்டார், சொன்னேன். சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, அது நேற்றே போய்விட்டது, மகன் சொல்ல மறந்துவிட்டான் என்றார். பத்து நாளைக்குப் பிறகும் விளம்பரம் அப்படியே இருந்தது. நானாவிடம் இதை நான் சொல்லவில்லை. ஆறு கிழமைக்கு வருகிறவர் அதை ஏன் சுமக்க வேண்டும்?

கண்டிக்கு வீடு மாறி வந்த முஸ்லிம்களில் மிகப் பெரிய பெயர் ஒறாபி பாஷா. எகிப்தில் பிரித்தானியரிடம் தோற்று, 1883 ஜனவரியில் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டவர். கொழும்பின் காற்று உடம்புக்கு ஒத்துவராமல் கண்டிக்கு வந்து, 1901இல் நாடு திரும்பும்வரை இங்கே இருந்தார். ஹல்லொலுவ வீதியில் அவர் வாழ்ந்த வீடு நூதனசாலையாக இருக்கிறது. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போனபோது பார்த்திருக்கிறேன். பேரரசே எதிரி என்று தீர்ப்பெழுதிய மனுசனுக்கு இந்த நகரத்தில் ஒரு வீடு கிடைத்திருக்கிறது. அந்தத் தொலைபேசியை வைத்த அன்று இரவு இதை நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

கடைசியில் தீர்மானித்தது பள்ளியுமில்லை, வியூவுமில்லை, பாதை. கண்டியைத் தெரியாதவர்களுக்கு இது விளங்குவது கஷ்டம். நகரம் ஒரு சட்டிக்குள் இருக்கிறது. சுற்றிவர மலை, வடக்கே மகாவலி. உள்ளே வரும் வழிகள் சில. 1998 ஜனவரியில் தலதா மாளிகையில் குண்டு வெடித்த பின்னர் மாளிகைக்கு முன்னால் போன பாதையை வாகனங்களுக்கு மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் பக்கத்தவர்கள் நகரத்துக்குள் நுழைய வாவியைச் சுற்ற வேண்டும். படத்தில் பார்த்தால் கட்டுகஸ்தோட்டையும் அம்பிட்டியவும் கைக்கெட்டும் தூரம். ஆனால் பாடசாலை விடும் நேரத்தில் வெளிக்கிட்டால் நகரத்தைத் தாண்ட ஒரு மணித்தியாலம். ஓகஸ்டில் பெரஹர தொடங்கினால் பின்னேரத்தோடு பாதைகள் அடைபடும். அந்த நாட்களில் அங்கிருந்து இங்கே வருவதை மறந்துவிட வேண்டியதுதான்.

கணக்குப் பார்த்தேன். நாளைக்கு 14,000 ரூபா வீதம் 42 இரவுகளுக்கு 588,000. கிட்டத்தட்ட என் பத்து மாதச் சம்பளம். இவ்வளவையும் கொடுத்து நாளுக்கு இரண்டு மணித்தியாலம் நானா வாகனத்துக்குள் இருப்பதா? உம்மா மாலையில்தான் கொஞ்சம் தெளிவாக இருப்பார். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பேசுவார், பழைய பெயர்களைச் சொல்லுவார். அதற்குப் பிறகு மருந்து, நித்திரை.

"நானா, ஒங்களுக்கு ஏரியா அம்பிட்டியதான். பள்ளி தூரம். கட இல்ல. வியூ எண்டா ஒரு பலாமரம் ஈக்கி. நம்மட ஊட்டுக்கு நடந்தா பத்து நிமிசம்" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் யோசித்தார். "மதினிக்கிட்ட கேட்டுச் செல்றேன்" என்றார். அடுத்த நாள் பணம் வந்தது.

குருமடத்துக்கு அப்பால் பாதையோரம் இருந்த அந்த இடத்தின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை, சிங்களக் கத்தோலிக்கர். நிலமட்ட வீடுதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தபோது ஏன் என்று கேட்டார். உம்மாவை ஒருநாளாவது நாற்காலியில் வைத்துக் கூட்டி வரலாம் என்றேன். பெயரைக் கேட்டார். சொன்னேன். இந்த முறை நான்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் குசினி அலுமாரியைத் திறந்து காட்டி, "மாஸ்டர், இந்தச் சட்டிகளில் நாங்கள் பன்றி சமைத்திருக்கிறோம். நீங்கள் வரும்முன் புதுச் சட்டி வாங்கி வைக்கிறேன்" என்றார். பெரஹர நாட்களுக்குக் கூட்டிக் கேட்கவும் இல்லை. கண்டியில் அது பெரிய விசயம்.

நானா வந்தார். உம்மாவிடம், "நம்மட ஊட்டுக்குப் பக்கத்துல மேல்பாதையில எடம் எடுத்தீக்கி" என்று சொன்னேன். "அப்ப அதுவும் நம்மட ஊடுதானே" என்றுவிட்டார். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் முதல் இரண்டு நாள் வந்து கதிரை நுனியில் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து தாங்களாகவே நடந்து வந்தார்கள். நானா நாள் தவறாமல் அஸர் தொழுதுவிட்டு வருவார். ஒருநாள் அவர் உம்மாவின் கால்களைக் கழுவிக்கொண்டிருந்ததைக் கண்டு நான் வெளியே வந்துவிட்டேன். எட்டு மாதமாக நான் செய்த வேலை அது. பகிர்ந்துகொள்ள ஆள் வந்ததும் ஏனோ பொறாமையாக இருந்தது.

42 இரவுக்குப் பணம் கட்டியிருந்தோம், ஆனால் விமானச் சீட்டு இரண்டு நாள் முந்தியது. நானாவை ஏற்றி அனுப்பிவிட்டுச் சாவியைக் கொடுக்கப் போக ஆயத்தமானபோது உம்மா கேட்டார்:

"அந்த ஊட்டுல சுடுதண்ணி வருமாமே, மகன்?"

அன்று மாலை பக்கத்து வீட்டுப் பையனும் நானும் உம்மாவை நாற்காலியோடு ஓட்டோவில் ஏற்றினோம். மனைவி தலையணையைத் தூக்கிக்கொண்டாள், மகள்மார் சோற்றுச் சட்டியை. இரண்டு இரவும் ஆறு கிழமை வாடகை வீட்டில் நாங்கள் ஐந்து பேரும் படுத்தோம். சொந்தக்கார ஆசிரியை காலையில் வந்து எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து இன்னும் இரண்டு துவாய் அனுப்பினார்.