ரெண்டு நூல்

ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றின் விலையைப் பார்த்துவிட்டு வாங்காமல் வந்த கதையைக் கரூர் நண்பரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். நூல் வியாபாரம் செய்கிறவர். "தைக்கிறவங்க வீட்டுக்கே போலாம், வா" என்று வண்டியை எடுத்தார்.

மேசைவிரிப்பு, திரைச்சீலை, சமையலறைத் துண்டு எனக் கப்பலேற்றும் ஊர் கரூர். பெரிய கம்பெனிகளைத் தாண்டி நாங்கள் போய் நின்றது ஓர் ஓட்டு வீட்டுத் திண்ணையில். ஒரு மோட்டார் மெஷின், இரண்டு மூட்டைச் சதுரத் துண்டுகள், நடுவில் அக்கா.

முக்கோணம் தைக்க முக்கோணமாகத்தான் வெட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். அக்கா சிரித்துவிட்டார். "வெட்டிப்போட்டுத் தைச்சா கிராஸ் இழுத்துக்குமுங்க தம்பி." பாவும் ஊடையும் நேராக ஓடும் ஓரம் அசைந்து கொடுக்காது. மூலைவாட்டில் வெட்டிய ஓரமோ கை பட்டாலே நீளும். அதனால் முதலில் தையல், பிறகுதான் வெட்டு. வெள்ளைச் சதுரமும் நீலச் சதுரமும் நல்ல பக்கம் உள்ளே இருக்க ஒன்றன்மேல் ஒன்று. மூலைக்கு மூலை பென்சில் கோடு. கோட்டின் மேல் ஊசி போவதில்லை; இருபுறமும் ரெண்டு நூல் தள்ளி ஒவ்வொரு தையல். அதன்பின் கோட்டோடு கத்தரி. விரித்தால் பாதி வெள்ளை, பாதி நீலமாக இரண்டு சதுரங்கள். அப்படி நான்கைத் திருப்பித் திருப்பி வைத்தால் காற்றாடி. ஆர்டர் தாளில் ஏதோ இங்கிலீஷ் பெயர் இருந்தது. அக்காவுக்கு அது காத்தாடிதான்.

எட்டு நூல் ஓர் அங்குலம் என்பது தச்சர் பட்டறையில் சின்ன வயதில் கேட்ட கணக்கு. இங்கே எல்லாம் அந்தக் கணக்குதான். 3 அங்குலச் சதுரம் கிடைக்க 3 அங்குலம் 7 நூலில் துணி வெட்ட வேண்டுமாம். ஏன் ஏழு என்று அக்கா விளக்கினார், எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டது வேறு: இரு பக்கமும் அரை நூல் கூடுதலாகப் பிடித்துவிட்டால் ஓர் இணைப்பில் ஒரு நூல் போய்விடும். எட்டுச் சதுர வரிசையில் இணைப்பு ஏழு. வரிசை ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைந்து, பக்கத்து வரிசையோடு சேராது.

அதற்காக அக்கா வைத்திருக்கும் கருவி, காலாவதியான ஓர் ஏடிஎம் கார்டு. ஊசியிலிருந்து சரியாக ரெண்டு நூல் தள்ளி மெஷின் தட்டில் ஒட்டியிருக்கிறார். துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டே போகும். கண் பார்க்க வேண்டியதில்லை. துணி உரசி உரசி எண்களெல்லாம் மழுங்கிவிட்டன. "கணக்குல காசிருந்தப்பகூட இந்தக் கார்டு இவ்வளவு உழைக்கலீங்க."

ஒரு காத்தாடிக்கு என்ன கூலி என்று கேட்டேன். அக்கா நண்பரைப் பார்த்தார். நண்பர் தெருவைப் பார்த்தார்.

ஊசி அக்காவுடையது, கரண்டு அக்காவுடையது, கண்ணும் அக்காவுடையது. அளவு தப்பிய பீஸைப் பிரித்துத் தைக்கக் கூலி கிடையாது. மூட்டையை இறக்கி, மூட்டையை ஏற்றிப் போகிற ஏஜென்டுக்கு மட்டும் எந்தத் தையலும் தப்புவதில்லை. நான் மலைத்துப்போன அந்த விலை வழியில் எத்தனை பைகளில் இறங்கி ஏறியதோ! கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன் போல. அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

கிளம்பும்முன் நானும் ஒன்று தைத்தேன். அக்கா ஸ்கேல் வைத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நாலாக மடித்து, மெஷினில் எண்ணெய் துடைக்க வைத்துக்கொண்டார்.