பால்மர் நிலையத்துப் படகுகள்

அன்வர்ஸ் தீவின் தென்மேற்கு முனையில் இருக்கிறது பால்மர் நிலையம். அண்டார்க்டிகாவில் அமெரிக்கா ஆண்டு முழுக்க நடத்தும் மூன்று நிலையங்களில் மிகச் சிறியது. இப்போதைய இடத்துக்கு வந்தது 1968இல். கோடையிலும் நாற்பது சொச்சம் பேர்தான்.

*

பின்னால் பனியாறு, முன்னால் கடல். நடக்கக் கிடைக்கும் நிலம் கொஞ்சம். வாரத்தில் ஆறு நாள் வேலை. ஆய்வாளர்கள் வேலைக்காகவே கடலுக்குப் போகிறார்கள். சமையல்காரருக்கும் தச்சருக்கும் ஓய்வு நேரத்து ரப்பர் படகுதான் வழி. ஆய்வு நடப்பதே இவர்கள் உழைப்பால். அந்தக் கடலைப் பார்க்கும் உரிமை இவர்களுக்கும் உண்டு.

*

கேட்டவுடன் கிளம்பிவிட முடியாது. முதலில் படகுப் பயிற்சி. தனியாகப் போகக் கூடாது. மிதவை அங்கி கட்டாயம். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். தீவில் இறங்கினாலும் ஏறினாலும் ரேடியோவில் தகவல். காற்று 20 நாட் வேகத்தைத் தொட்டால், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர், படகு கிடையாது.

*

பக்கத்துத் தீவுகள் சிலவற்றில் கூடாரமும் உணவும் வைத்த பெட்டிகள் உண்டு. போன இடத்தில் காற்று எழும்பினால், அடங்கும்வரை அங்கேயே தங்கத்தான்.

*

பனிப்பாறையின் பெரும்பகுதி நீருக்கடியில். உருகி எடை மாறினால் சட்டென்று புரளும். பனியாற்றின் முகப்பு உடைந்து விழுந்தால் அலை எழும். அழகு கூடக்கூட விலகி நிற்க வேண்டிய கடல் அது.

*

நிலையத்துக்குப் பக்கத்து டார்கெர்சன் தீவில் அடேலி பென்குயின்கள். 1970களில் இந்த வட்டாரத்தில் சுமார் 15,000 இணைகள் கூடு கட்டின. கடல் சூடேறி, அது உறைந்திருக்கும் காலம் சுருங்கியபின் அதில் பெரும்பகுதி போய்விட்டது. தீவின் ஒரு பாதியில் மட்டுமே பார்வையாளர் கால் வைக்கலாம், மறுபாதி பறவைகளுக்கு. மனித நடமாட்டம் அவற்றை எவ்வளவு பாதிக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கச் செய்த ஏற்பாடு.

*

இந்தக் கடலில் பெரிய கப்பலும் தப்பவில்லை. 1989 ஜனவரியில் அர்ஜென்டினாவின் ‘பாஹியா பரைசோ’ கப்பல் நிலையத்துக்கு அருகே பாறையில் மோதியது. ஆள்கள் பிழைத்தார்கள். சுமார் 6 லட்சம் லிட்டர் எரிபொருள் கடலில் கலந்தது, பறவைகள் செத்தன. கப்பல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

*

பொழுதுபோக்குதானே என்று விதியைத் தளர்த்தக் கூடாத இடம் அது. படகு எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். விதியும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.