வெங்காயமும் என் அதிகப்பிரசங்கித்தனமும்



முப்பது வருடம் உயிரியல் நடத்தியவள் நான். போன மாதம் ஒரு தவறு செய்தேன். சம்பந்தப்பட்ட இருவரும் இதைப் படிப்பார்கள் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

டொரன்டோவில் இருக்கும் என் தங்கை மகளின் பையனுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது உறவுகளுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய். செல்லுக்குள் உப்பும் நீரும் போய்வரும் வழி கெட்டுப்போகும். நுரையீரலில் சளி பசை மாதிரி இறுகிவிடும். வியர்வையிலும் உப்பு அதிகம்; பிள்ளைக்கு முத்தம் கொடுத்தால் உதட்டில் கரிக்கும்.

அதே ஊரில் என் பழைய மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவள் மகளுக்கும் இதே நோய். எனக்கு ஒரே உற்சாகம். இருவருக்கும் போன் போட்டு, "ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது சந்தியுங்கள், ஒருத்திக்கு ஒருத்தி ஆறுதலாக இருக்கும்" என்றேன். தங்கை மகள், "வேண்டாம் பெரியம்மா, பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "ஏன், ஜாதகம் பார்க்கணுமா?" என்று கேட்டு போனை வைத்துவிட்டேன். மாணவியோ "பார்க்கலாம் டீச்சர்" என்றாள். டீச்சரிடம் முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு வாரம் நான் பேசவில்லை. பிறகு தங்கை மகளிடமிருந்து ஒரு நீண்ட வாய்ஸ் மெசேஜ். அழுதிருக்கிறாள், குரலிலேயே தெரிந்தது. அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

சாக்கில் கிடக்கும் பெரிய வெங்காயத்தில் சிலது மேலே பார்க்க நன்றாக இருக்கும். உரித்தால் உள்ளே ஒரு மடல் மட்டும் கொழகொழவென்று வழுக்கும், புளித்த வாடை வீசும். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வெங்காயத்தில் வந்த அப்படி ஓர் அழுகலை ஆராய்ந்து, அதற்குக் காரணமான பாக்டீரியாவை 1950-இல் விவரித்தவர் கார்னெல் பல்கலைக்கழகத்து வால்டர் பர்க்ஹோல்டர். லத்தீனில் வெங்காயத்துக்கு 'செபா' என்று பெயர். பாக்டீரியாவுக்கு 'செபேசியா' என்று வைத்தார். பிற்காலத்தில் அவர் பெயரும் சேர்ந்து பர்க்ஹோல்டேரியா செபேசியா ஆனது. இன்று அது ஒன்றல்ல, இருபதுக்கு மேற்பட்ட நெருங்கிய இனங்களின் கூட்டம். மண்ணிலும் நீரிலும் வாழ்வது. (வெங்காயத்தைத் தூக்கி எறியாதீர்கள், ஆரோக்கியமான உடம்பை இது பொதுவாக ஒன்றும் செய்யாது.)

ஆனால் அந்தப் பசைச் சளி இதற்கு நல்ல வீடு. இந்த நோயாளிகளிலும் சிலருக்குத்தான் வரும். வந்துவிட்டால் பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு மசியாது. சிலர் வருடக்கணக்கில் அதோடு வாழ்கிறார்கள். சிலருக்குக் காய்ச்சல் கண்டு, சில வாரங்களிலேயே நுரையீரல் கைவிட்டுவிடுகிறது. இதை 1984-இல் விரிவாக எழுதியவர்கள் டொரன்டோ மருத்துவர்கள்தான்.

என்னை உலுக்கியது இனிமேல்தான். அந்தக் காலத்தில் இந்தக் குழந்தைகளுக்கென்றே கோடை முகாம்கள் நடத்தினார்கள். கூடி விளையாடினார்கள், ஒன்றாக உறங்கினார்கள். ஒருவர் இருமல் இன்னொருவருக்குக் கிருமியைக் கொடுக்கிறது என்று ஆய்வுகள் காட்டிய பிறகு முகாம்களை மூடினார்கள். இப்போது இந்த நோய் உள்ள இருவர் 6 அடியாவது தள்ளியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில்கூட மற்ற நோயாளிகளோடு உட்கார வைக்காமல், நேரே தனி அறைக்கு அழைத்துப் போகிறார்களாம். இந்தக் கிருமி மட்டுமல்ல, வேறு சிலவும் அப்படித் தொற்றும். இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே யாரிடம் என்ன வளர்கிறது என்று யாருக்குத் தெரியும்?

பிள்ளைகளுக்கு நல்லது என்று நினைத்து நான் கூட்டி வைக்கப் பார்த்தது இதைத்தான். அம்மாடி, உன்னிடம் போனிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஊரறிய இங்கேயும் கேட்கிறேன். முதல் பெஞ்சில் உட்கார்ந்து என்னைக் கேள்வியால் துளைத்தவளே, அடுத்த முறை டீச்சரிடம் தைரியமாக 'முடியாது' என்று சொல்.

உறவுகளுக்கு ஒரு வார்த்தை. டொரன்டோ போகிறவர்கள், சளி இருமல் இருந்தால் அவள் வீட்டுக்குப் போக வேண்டாம். விசேஷத்துக்குப் பையனை அழைத்து வரவில்லையே என்று முகம் சுளிக்கவும் வேண்டாம்.

அம்மாக்கள் இருவரும் இப்போது தினமும் பேசிக்கொள்கிறார்கள். நேற்று பிள்ளைகளை வீடியோ காலில் விட்டார்களாம். இரண்டு பேரும் நெபுலைசர் மாஸ்க்கோடு உட்கார்ந்து, யாருடைய மருந்து முதலில் தீருகிறது என்று போட்டி. நம் பையன் தோற்றுவிட்டான். அந்தப் பெண் ஏமாற்றுகிறாள் என்று இன்று காலை என்னிடம் புகார்.