மரவள்ளியின் மூன்று நாள் கெடு

மரவள்ளியைப் போலப் பொறுமைசாலிப் பயிர் அபூர்வம். மழை பொய்த்தால் இலைகளை உதிர்த்துவிட்டுக் காத்திருக்கும். நாலு தூறல் விழுந்ததும் துளிர்க்கும். சத்தில்லாத மண்ணிலும் கிழங்கு வைக்கும். 1880களில் திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் இதைப் பரப்ப முனைந்தார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது கேரளத்து வயிறுகளுக்குக் கை கொடுத்ததும் இந்தக் கப்பைதான்.

பிடுங்கியவுடன் கதை மாறிவிடுகிறது. உருளைக்கிழங்கு மாதக்கணக்கில் கிடங்கில் தூங்கும். மரவள்ளியோ இரண்டு, மூன்று நாட்களில் உள்ளே நீலம் பாரித்துக் கறுத்துவிடும். சேலம், நாமக்கல் பக்கத்தில் குச்சிக்கிழங்கு போடும் விவசாயிக்கு இதன் அர்த்தம் தெளிவானது: கிழங்கு மண்ணைவிட்டு வெளியே வந்ததும் பேரம் பேசும் பலம் போய்விடுகிறது. சேகோ ஆலை வாசலில் லாரி நிற்கும்போது, விலை கட்டுப்படியாகவில்லை என்று சரக்கைத் திருப்பி எங்கே கொண்டுபோவது? அறுவடைக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே தண்டை வெட்டிவிட்டால் கெடுவது தள்ளிப்போகும். கேரளத்தில் வேகவைத்து உலர்த்தி 'வாட்டு கப்பை'யாக்குகிறார்கள். இரண்டும் நல்ல யுக்திகளே; ஆனால் லாரி லாரியாகப் போகும் ஈரக்கிழங்கை உலர்த்த யாருக்கு நேரம்?

இத்தனைக்கும் முதல் குற்றவாளி கிருமி அல்ல, கிழங்கேதான். அதன் செல்லுக்குள் லினமரின் என்ற பொருள் ஒரு பக்கமும், அதைச் சிதைக்கும் நொதி இன்னொரு பக்கமும் பிரிந்து கிடக்கின்றன. பிடுங்கும்போது காயம்பட்டால் இரண்டும் கலந்து சயனைடு பிறக்கிறது. எலிக்கும் பூச்சிக்கும் வைத்த விஷம் வீட்டுக்காரனையே தாக்குகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசப் பாதையை சயனைடு அடைக்க, அங்கிருந்து கசியும் வினைத்துடிப்பு மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் செல்லை அரிக்கின்றன.

அடைபட்ட சாலைக்கு ஒரு மாற்றுப்பாதை போட்டால் என்ன? அமெரிக்காவில் ரிச்சர்ட் சேயர் குழுவினர் அதைத்தான் செய்தார்கள். கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அரபிடாப்சிஸிலிருந்து, சயனைடுக்கு மசியாத மாற்று ஆக்சிடேஸ் மரபணுவை எடுத்து மரவள்ளியில் புகுத்தினார்கள். 2012இல் வெளியான முடிவின்படி, பசுமைக்குடிலில் வளர்த்த கிழங்கு கெடுவது 14 முதல் 21 நாள் வரை தள்ளிப்போனது. அடுத்த ஆண்டு சீன ஆய்வாளர்கள் தலைமையிலான குழு, ஆக்சிஜன் நஞ்சை முறிக்கும் இரண்டு நொதிகளைக் கூட்டி, குறைந்தது பத்து நாள் அவகாசம் பெற்றது.

இங்கே ஒரு முடிச்சு. சேயர் குழுவின் செடிகள் வயலுக்குப் போனபோதும் கெடுவது தள்ளிப்போனது, ஆனால் மரபணு அதிகமாக வெளிப்பட்ட செடிகளில் கிழங்கு விளைச்சல் குறைந்துவிட்டது. மாற்றுப்பாதை சக்தியை வெப்பமாகக் கழித்துவிடுவது காரணமாக இருக்கலாம் என்றார்கள். எடைக்குக் காசு வாங்கும் விவசாயியிடம் இதைக் கொடுத்து, பொறுமையாக விற்கலாம் என்று சொன்னால் சிரிப்பார்.

பசுமைக்குடில் வெற்றியை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதப்படும் புகழுரைகள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுகின்றன. உண்மையில் அடுத்த வேலை இங்கேதான் தொடங்குகிறது. வளரும் காலத்தில் மரபணு உறங்கி, அறுவடைக் காயம் பட்டதும் மட்டும் விழிக்க வேண்டும். அப்படியொரு சுவிட்சை மரவள்ளியிலேயே தேடலாம். இந்த மாற்று ஆக்சிடேஸ் அதற்கும் சொந்தமாக உண்டு. அயல் மரபணு சேராத மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு 2022 மார்ச்சில் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தியிருப்பதால், அந்த வழிக்கு இங்கே கதவு கொஞ்சம் திறந்தே இருக்கிறது. ஆனால் சேலத்து மானாவாரி நிலத்தில் நட்டு, பிடுங்கி, எடை போட்டுப் பார்க்கும்வரை ஆலை வாசலில் விலை சொல்லும் உரிமை ஆலைக்காரருக்கே.