இரண்டு மாதம் கடலுக்கு விடுமுறை

மொரீஷியஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது, அந்த ஊர் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்துப் பூரித்துப் போனது வாஸ்தவம். ஆனால் சுவரில் தொங்கிய தேசப்படத்தைப் பார்த்ததும் விழித்தேன். நாடே ஒரே தீவு என்றல்லவா நினைத்திருந்தேன்! வடக்கே சுமார் 1000 கிலோமீட்டரில் அகலேகா; அங்கே சில நூறு பேர்தான். அதையும் தாண்டி, வடகிழக்கே வெகு தொலைவில் சாகோஸ் தீவுகள். அமெரிக்க ராணுவத் தளத்துக்காக அங்கிருந்த ஜனங்களை 1968லிருந்து 1973க்குள் பிரிட்டன் மொத்தமாக வெளியேற்றிவிட்டது. கிழக்கே சுமார் 560 கிலோமீட்டரில் ரோட்ரிக்ஸ்.

"இதுக்கு மட்டும் போயிட்டு வரலாம்மா. ஒன்றரை மணி நேரம்தான் விமானம்" என்றாள் மகள்.

மொரீஷியஸின் கரும்புப் பச்சையை இங்கே தேடாதீர்கள். நீளம் 18 கிலோமீட்டர், அகலம் 8. வறண்ட மேடுகள். வீட்டுக்கு வீடு மழைத் தண்ணீர் பிடிக்கத் தொட்டி. நம் ஊரில் குடத்தோடு நின்றவளுக்கு இதை விளக்க வேண்டுமா! ஆனால் தீவைச் சுற்றிப் பவழப்பாறை கட்டிய ஆழமில்லாத கடல், தீவைப் போல இரண்டு மடங்கு பெரிசு. அதுதான் இவர்களுடைய வயல்.

வற்று நேரத்தில் பெண்கள் கையில் இரும்புக் கம்பியோடு அந்தத் தண்ணீரில் மணிக்கணக்கில் நடக்கிறார்கள். பாறை இடுக்கில் இருக்கும் ஆக்டோபஸைக் குத்திப் பிடிக்க வேண்டும். நம் கரையில் பேய்க்கணவாய் என்கிறோமே, அதுதான். கொடியில் துணி மாதிரி காயப் போட்டிருந்தார்கள். நான் சைவம், பார்த்ததோடு சரி.

நாங்கள் தங்கிய வீட்டுக்காரம்மாளுக்கு அறுபது வயசிருக்கும். இளம் வயசிலிருந்து இதே தொழில். முழங்காலைத் தடவிக்கொண்டே பேசினார். அவருடைய கிரியோல் பேச்சை மகள்தான் எனக்குச் சொன்னாள்.

வருஷா வருஷம் பிடிப்பு குறைந்துகொண்டே வந்ததாம். குஞ்சையும் விடாமல் பிடித்தால் என்ன மிஞ்சும்? 2012ல், ஆகஸ்டு நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை ஆக்டோபஸ் பிடிக்கவே கூடாது என்று தடை போட்டார்கள். அந்த நாட்களுக்கு வேறு வேலையும் கூலியும் கொடுத்தார்களாம்.

"நம்பினீங்களா?" என்று கேட்கச் சொன்னேன்.

"எங்கே நம்பினேன்! நான் விட்டா பக்கத்து வீட்டுக்காரி பிடிச்சிடுவாளோன்னு தினம் கரைக்குப் போய்ப் பார்த்துட்டு வருவேன்" என்று சிரித்தார்.

தடை முடிந்து இறங்கியபோது ஒவ்வொன்றும் நல்ல கனம். ஆக்டோபஸ் மளமளவென்று வளரும் ஜாதி. இரண்டு மாதமே அதற்குப் பெரிய அவகாசம். முட்டையிட்ட தாய் இரை எடுக்காமல் வளையிலேயே காவல் காத்து, குஞ்சு வெளிவந்ததும் செத்துப் போகும் என்று மகள் சொன்னபோது எனக்கு என்னவோ போலிருந்தது.

"இப்போ காவல் பார்க்கப் போறதில்லையா?" என்றேன் புறப்படும்போது.

"போறேனே! இப்பவும் அவளை நம்ப முடியாது" என்றவர், ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயை என் பையில் திணித்தார். பக்கத்து வீட்டுக்காரி போட்டதாம்.