உதை குறைந்த தோட்டா

தேசிய சேவையில் எஸ்ஏஆர் 21 சுட்டதோடு எனக்கும் துப்பாக்கிக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது. அங்கே காலித் தோட்டாக் கூட்டைக்கூட எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால்தான் போன வருடம் வேலைப் பயிற்சிக்காக அரிசோனா போனபோது, ஒருவர் தன் வீட்டு கராஜில் உட்கார்ந்து தானே தோட்டா செய்வதைப் பார்த்து அசந்துபோனேன்.

ஓய்வுபெற்ற மெஷினிஸ்ட். எழுபது தாண்டியவர். விரல் மூட்டுகளில் வாதம். பல வருடங்கள் .357 மேக்னம் ரிவால்வரில் காகித இலக்கைச் சுட்டவர். இப்போது அதன் உதையை மணிக்கட்டு தாங்கவில்லை. எல்லாரும் "விட்டுடுங்க" என்றார்களாம். அவர் விடவில்லை. 1896இல் வந்த .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டாவுக்கு மாறிக்கொண்டார்.

பித்தளைக் கூட்டில் பிரைமர் பொருத்தினார். மருந்தை கிரெய்ன் கணக்கில் நிறுத்துப் போட்டார். ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். மேலே தட்டை முகமுள்ள ஈயக்குண்டு. காகிதத்தில் சுத்தமாக வட்டத்துளை விழ அது போதும், வேகம் எதற்கு?

"மருந்த இன்னும் குறைச்சா கையே வலிக்காதே?" என்று கேட்டேன்.

இல்லையென்று தலையசைத்தார். ரொம்பக் குறைத்தால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். மருந்து கொஞ்சமாக இருப்பதால் தவறி இரண்டு முறை போட்டாலும் கூடு நிரம்பி வழியாது. அதனால் குண்டை அழுத்தும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார். கையேட்டில் இருக்கும் அளவுக்குக் கீழே அவர் போவதே இல்லை.

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. வருடா வருடம் காவடி எடுத்தவர். முழங்கால் தேய்ந்ததும், "இனிமே வேணாம்ப்பா, வீட்லயே இருங்க" என்று சொன்னது நான்தான். அந்தத் தைப்பூசத்தன்று மஞ்சள் வேட்டியை எடுத்து இஸ்திரி போட்டார். மடித்து மறுபடி அலமாரியில் வைத்துவிட்டார். அதற்கப்புறம் என்னோடு பேச்சே குறைந்துபோனது. அவருடைய பாரத்தைக் குறைக்கிறேன் என்றுதான் நினைத்தேன். எவ்வளவு குறைக்கலாம் என்று யோசிக்கவே இல்லை.

இந்த வருடம் காவடி இல்லை, பால்குடம். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். குடத்தில் பால் ஊற்றியது நான். பாதியில் நிறுத்தினேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துடா."

ஊற்றினேன்.