பூவுக்கும் ஒரு பார் சோதனை

பனிமய மாதா திருவிழா ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்டு 5-இல் நிறைவுறும். அந்நாட்களில் தூத்துக்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மல்லிகை குவிந்திருக்கும். பெண்கள் சுற்றியமர்ந்து மாலை தொடுப்பார்கள். முன்பெல்லாம் பூ எங்கள் முற்றத்திலேயே பூத்தது. கிணறு உவர்ந்துபோகச் செடிகளும் பட்டுப்போயின. இப்போது சந்தைப் பூவே கதி.

சென்ற ஆண்டு மாலை தொடுத்து முடித்த மைனி, விரல்கள் எரிகின்றன என்றார். பூவை முகர்ந்து பார்த்தோம். மல்லிகை மணத்திற்கு அடியில் மருந்து வாடை. மாதாவுக்குச் சூட்டும் மாலையில் இது எங்ஙனம் வந்தது?

அருப்புக்கோட்டைப் பக்கம் மல்லிகை பயிரிடும் நண்பர் ஒருவர் எங்களைத் தம் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றார். அவருடைய நாற்றுகள் பாம்பன் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து வந்தவை என்றறிந்தபோது, எங்கள் கடற்கரை மணலைச் சந்தித்ததுபோல் மகிழ்ந்தோம். அவர் முகத்தில் மகிழ்ச்சியில்லை. மொட்டுப்புழு விழுந்த பூவை எவரும் வாங்குவதில்லை, ஆதலால் மருந்து. முகூர்த்த நாளில் விலை ஏறும். ஆதலால் மேலும் மருந்து, மேலும் உரம்.

செடியொன்றுக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120, சாம்பல்சத்து 120 என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை; நவம்பரில் கவாத்துக்குப்பின் ஒருமுறை, ஜூன் ஜூலையில் மறுமுறை. அளவு மீறினால், வேர் உண்ணாத தழைச்சத்து நைட்ரேட்டாகக் கரைந்து கிணற்றுக்கு இறங்குகிறது. மணிச்சத்து மண்ணிலேயே தேங்குகிறது. ஆழ்துளைக் கிணற்றின் உவர்நீரோ வெயிலில் ஆவியாகி உப்பை மட்டும் விட்டுச் செல்கிறது. உப்பு மிகுந்தால் இலை மஞ்சளிக்கும். அதைப் பசியென்று எண்ணி உழவர் மீண்டும் உரமிடுகிறார். எங்கள் நண்பரும் அதைத்தான் செய்துவந்தார். அவர் மண்ணை ஒருமுறையேனும் சோதித்ததில்லை.

திரும்பும் வழியில் தாத்தா சொன்னது நினைவுக்கு வந்தது. அக்காலத்தில் எவரும் நினைத்தவுடன் முத்துக் குளித்துவிட முடியாது. முதலில் முத்துப்பார்களைச் சோதிப்பார்கள். சிப்பிகளை எடுத்து, எண்ணிக்கையும் வயதும் பார்ப்பார்கள். இளஞ்சிப்பியென்றால் அவ்வாண்டு குளிப்பு இல்லை; கடல் ஓய்ந்திருக்கும். அவ்வளவு பார்த்தும் 1961-க்குப்பின் எங்கள் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சோதித்து எடுத்த செல்வமே நிலைக்காதபோது, சோதிக்காமல் எடுக்கும் மண் எத்தனை நாள் தாங்கும்?

உரமிடுமுன் மண்ணையும் நீரையும் சோதித்துப் பாருங்கள் என்று நண்பரை வேண்டினோம். அவர் கேட்டார்: “சோதிக்கிறேன் அண்ணாச்சி. மருந்தைக் குறைத்துப் பூவில் புழு விழுந்தால் நீங்கள் வாங்குவீர்களா?”

வாயடைத்துப் போனோம். புழுவில்லாத பூவைத் தேடியவர்கள் நாங்கள். விலை பேசிக் குறைத்தவர்களும் நாங்களே. மறுநாள் காலையில் குப்பையில் கிடக்கும் மாலைக்காகவே அவர் நிலம் உப்பாகிறது. அப்பழியில் எங்களுக்கும் பங்குண்டு.

வீட்டில் கலந்து பேசினோம். இவ்வாண்டு திருவிழாவுக்கு அவரிடமே, அவர் சொன்ன விலைக்கு, பொறுக்காமல் வாங்கினோம். அதே பணத்திற்குப் பூ குறைவாகவே வந்தது. மாலை இரண்டு முழம் குறைந்தது. சில மொட்டுகளில் புழுத்துளை இருந்தது. மைனி அவற்றையும் சேர்த்தே தொடுத்தார். அவர் விரல்கள் எரியவில்லை.